ம் கொட்டும் அறை

சாமான் வண்டியிலிருந்து கடைசியாக இறங்கியது அவளுடைய எழுதும் மேசை. அதன் ஒரு கால் ஆடும். அட்டையை மடித்து முட்டுக்கொடுத்தால் நிற்கும். அதைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அந்தப் பழைய வீட்டின் நீண்ட நடையைக் கடந்த அவள் கணவன், கடைசி அறையின் வாசலில் நின்று மூச்சு வாங்கினான்.

"கதாசிரியை அம்மாவோட ஆபீஸ் இதுதானா?"

"முதல்ல இறக்குங்க. இடுப்பு பிடிச்சுக்கப் போகுது."

"லிஃப்டையே தூக்கறவனுக்கு மேசை ஒரு கனமா?"

அவன் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தில் எந்த மாடியில் யார் மாட்டிக்கொண்டாலும் அவனுக்குத்தான் அழைப்பு வரும். அவன் கூடுதல் நேரம் வேலை பார்த்ததால்தான் அவளால் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு எழுத முடிந்தது. எழுத ஒரு தனி அறை வேண்டும் என்று அவள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அவனாகத்தான் தேடிப் பிடித்தான். அதனாலேயே அந்த அறையைப் பார்த்ததும் அவளுக்குள் ஏதோ சுருங்கியதை அவள் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

தாழ்வான ஜன்னல். அதற்கு வெளியே கையெட்டும் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர். பட்டப்பகலிலும் அந்த அறைக்குள் விளக்கு வைக்கும் நேரத்து வெளிச்சம்தான் இருந்தது. வெகுநாள் பூட்டிய பெட்டியிலிருந்து எடுத்த போர்வையின் வாடை. அதற்கு அடியில், மிக லேசாக, இருமல் மருந்தின் இனிப்பு.

அவர்களுடைய மகள் வாண்டு உள்ளே ஓடிவந்து, அறை நடுவில் நின்று, "ஓய்!" என்று கத்தினாள். காலி வீட்டில் எல்லா அறைகளிலும் கத்திப் பார்த்திருந்தாள். எல்லா அறைகளும் பதில் கொடுத்திருந்தன. இந்த அறை கொடுக்கவில்லை.

"அம்மா, இந்த ரூம் என் சத்தத்தைச் சாப்பிட்டுடுச்சு."

"சுவர் கெட்டியா இருக்குடா கண்ணா, அதான்" என்றான் அப்பா.

சினிமாவுக்குத் திரைக்கதையை எழுதிவிட்டால் மட்டும் போதாது. சொல்லத் தெரிய வேண்டும். தயாரிப்பாளர்கள் யாரும் படிப்பதில்லை. எதிரே உட்காரவைத்துக் கதை கேட்பார்கள். இரண்டு மணி நேரப் படத்தைக் குரலாலேயே ஓட்டிக் காட்ட வேண்டும். அவள் பல அலுவலகங்களில் ஓட்டிப் பார்த்திருந்தாள். ஒருவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். ஒருவர் டிவியில் மேட்ச் பார்த்துக்கொண்டே கேட்டார். ஒருவர் பாதியில் எழுந்து போய்த் தன் மச்சானை அனுப்பினார். மச்சான் முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.

அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒரே ஒரு 'ம்'. நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல் என்று எதிரிலிருந்து வரும் அந்த 'ம்'.

வீட்டில் அதைக் கொடுக்க வாண்டு இருந்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த அறையில் பாயை விரித்து மகளைப் படுக்கவைத்து, தட்டிக்கொடுத்தபடியே தன் கதையைச் சொல்லிப் பழகுவாள். மழை நாளில், நெரிசலான பேருந்து நிலையத்தில் தொலைந்துபோகும் ஒரு சிறுமியின் கதை. தாய் ஊரெல்லாம் தேடுகிறாள். யாரும் உதவவில்லை. நம்பிக்கை செத்த நேரத்தில் வீட்டுக் கதவு தட்டப்படுகிறது. திறக்கிறாள். செருப்பைக் கையில் பிடித்தபடி நனைந்து நிற்கிறாள் குழந்தை.

வாண்டுவின் 'ம்' பேருந்து நிலையத்தைத் தாண்டியதே இல்லை. அதற்குள் கட்டை விரல் வாய்க்குள் போய்விடும்.

"தயாரிப்பாளரைப் பார்க்கப் போறப்ப ஒரு தலகாணியும் எடுத்துட்டுப் போ" என்பான் கணவன். "உன் கதைக்கு நல்லாத் தூக்கம் வருது."

"உங்களுக்குத் தூக்கம் வர கதை வேறயா வேணும்? செவுத்துல சாஞ்சா போதுமே!"

ஒரு மதியம் வாண்டு தூங்கிய பிறகும் அவள் நிறுத்தவில்லை. தாய் டிக்கெட் கவுன்ட்டரில் நின்று கெஞ்சும் காட்சி. முந்தைய இரவுதான் திருத்தியிருந்தாள். தாழ்ந்த குரலில் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள்.

"அந்த ஆள் நிமிர்ந்துகூடப் பார்க்கல. 'அடுத்த ஆள்'னு சொல்றான். அவ நகர மாட்டேங்கறா..."

"ம்."

அவள் புன்னகைத்துக்கொண்டே மகளைப் பார்த்தாள். வாண்டுவின் வாயில் கட்டை விரல் இருந்தது. மூச்சு சீராக ஏறி இறங்கியது.

தூக்கத்தில் முனகியிருப்பாள்.

"...பின்னாடி நிக்கறவங்க திட்டறாங்க. அவ ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடிச்சுக்கறா."

"ம்."

இந்த முறை அவள் வாண்டுவின் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவை அசையவில்லை. சத்தம் பாயின் அந்தப் பக்கத்திலிருந்து, ஜன்னலுக்குக் கீழிருந்து வந்தது. அங்கே வெறும் தரைதான் இருந்தது.

எழுந்து ஓடியிருக்க வேண்டும். மகளை வாரி எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போயிருக்க வேண்டும். அவள் கைகளில் மயிர் சிலிர்த்து நின்றது உண்மை. ஆனால் அந்த 'ம்' சரியான இடத்தில் வந்திருந்தது. எங்கே கேட்பவரின் மூச்சு நிற்க வேண்டும் என்று அவள் நினைத்து நினைத்து எழுதியிருந்தாளோ, அதே இடத்தில். இத்தனை வருடங்களில் எந்த அலுவலகத்திலும் அது அங்கே வந்ததில்லை.

அவள் மேலே சொன்னாள்.

அடுத்த நாளும் சொன்னாள். அதற்கடுத்த நாளும். போலீஸ் ஜீப் துரத்தும் காட்சியில் 'ம்' வரவில்லை. அந்தக் காட்சியை வெட்டினாள். பாட்டு வரும் இடத்தில் வரவில்லை. அதையும் வெட்டினாள். தொலைந்த சிறுமி தனியாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் மட்டும் 'ம்' நெருங்கி வந்து, அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் கேட்டது. அந்தக் காட்சியை நீட்டினாள். கதை கூர்மையாகிக்கொண்டே வந்தது.

முதல்முறையாக முழுக் கதையையும் சொல்லி முடித்த மதியம், தாய் கதவைத் திறந்து குழந்தையை உள்ளே இழுத்து அணைத்துக்கொண்டதும், 'ம்' வரவில்லை. அதற்குப் பதிலாக நீண்ட மூச்சு ஒன்று வெளியேறியது. அலைந்து களைத்த ஒரு குழந்தை தூங்கிப்போகும்போது விடுகிற மூச்சு. பிறகு அறையில் வாண்டுவின் சுவாசம் மட்டும் இருந்தது. இருமல் மருந்தின் வாசனை மெல்ல அடங்கியது.

கணவனிடம் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. ஒரு மதியம் விடுப்புப் போட்டுவிட்டுக் கூடவே உட்கார்ந்து கேட்டான். ஒரு சத்தமும் வரவில்லை.

"பழைய வீடு. குழாய்க்குள்ள காத்து ஓடும். லிஃப்ட் குழிக்குள்ள நான் கேக்காத முனகலா?" என்றவன், அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தான். "உனக்குப் பயமா இருந்தா சொல்லு. இன்னைக்கே காலி பண்ணிடலாம்."

"கதையைப் பழகி முடிச்சுக்கறேன். அப்புறம் பார்க்கலாம்."

குழாய் சரிபார்க்க வீட்டுச் சொந்தக்காரர் வந்தது அந்த வாரம்தான். தலை நரைத்த, சத்தமே போடாத மனிதர். நடையில் வந்தவர், அவள் குரல் கேட்டு அறை வாசலில் நின்றார். பாயில் வாண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

"யாருக்கும்மா கதை சொல்றீங்க?"

"சும்மா, சொல்லிப் பழகறேன் சார்."

அவர் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. "இது எங்க தங்கச்சி படுத்திருந்த ரூம். சின்னதுலேயே நோய். அம்மா நாளெல்லாம் பக்கத்துல உக்காந்து கதை சொல்லுவாங்க. அவ 'ம்' போட்டுக்கிட்டே இருப்பா. 'ம்' நின்னா தூங்கிட்டான்னு அர்த்தம்."

"அப்புறம்?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். அவர் முகம் வெளுத்தது.

"ஒரு நாள் பாதிக் கதையில யாரோ கதவைத் தட்டினாங்க. அம்மா எழுந்து போய்ப் பார்த்துட்டு வந்தாங்க. 'ம்' சத்தம் இல்ல. தூங்கிட்டான்னு நினைச்சு, போர்வையை இழுத்து மூடிட்டு வந்துட்டாங்க." குழாயைப் பார்க்காமலே அவர் திரும்பி நடந்தார். நடையின் முனையில் நின்று, "கதை சொல்றதா இருந்தா முழுசாச் சொல்லிடுங்கம்மா" என்றார்.

அன்றோடு அவள் அந்த அறையில் கதை சொல்லிப் பழகுவதை நிறுத்தினாள். மேசையைக் கூடத்துக்கு மாற்றினாள். வாண்டுவின் பாயையும் மாற்றினாள். மதியங்களில் கடைசி அறையின் கதவு மூடியே இருந்தது. சில சமயம் அதைத் தாண்டி நடக்கும்போது, உள்ளே யாரோ பொறுமையாகக் காத்திருப்பது போலிருக்கும். அவ்வளவுதான்.

தயாரிப்பாளர் அவளை ஒரு காலையில் கூப்பிட்டார். கண்ணாடி மேசை, எலும்பு வரைக்கும் இறங்கும் ஏசி, காகிதக் கோப்பையில் ஆறிப்போன டீ. பக்கத்தில் இரண்டு போன்களோடு மேனேஜர். அவள் சொல்லத் தொடங்கினாள். அந்த அறை கற்றுக்கொடுத்த இடங்களில் நிறுத்தினாள். பெஞ்சில் சிறுமி காலை ஆட்டும் இடத்தில் மேனேஜரின் இரண்டு போன்களும் மேசை மீது கவிழ்ந்தன. தயாரிப்பாளர் டீயைத் தொடவே இல்லை.

முடித்ததும் அவர் நாற்காலியில் சாய்ந்தார். "நல்லா இருக்கும்மா. ரொம்ப நல்லா இருக்கு. கடைசி மட்டும் வேண்டாம்."

"கடைசின்னா சார்?"

"குழந்தை வரக் கூடாது. கதவு தட்டற சத்தம். தாய் ஓடிப்போய்த் திறக்கறா. வெளியே யாரும் இல்ல. வெறும் மழை. முடிஞ்சது. ஜனங்க எழுந்திருக்க முடியாம உக்காந்திருப்பாங்க. என்னய்யா?"

"அள்ளிரும் சார்" என்றார் மேனேஜர்.

"ஆனா சார், அவ்வளவு தேடினதுக்கு அப்புறம்..."

"அப்ப வேற தயாரிப்பாளரைத் தேடுங்க. மாத்தறதா இருந்தா இந்த வாரமே கையெழுத்து. தாய் வேஷம் போடற நாயகி வெளியூர்ல இருக்காங்க. முழுக் கதையையும் உங்க குரல்லயே பதிவு பண்ணி அனுப்புங்க. வெட்டி ஒட்டாம ஒரே மூச்சுல. புது முடிவோட."

இத்தனை வருடக் காத்திருப்பு. கணவனின் கிரீஸ் கறை போகாத விரல்கள். மாற்ற வேண்டியது ஒரே ஒரு காட்சி.

"சரி சார்" என்றாள்.

பதிவு செய்ய நினைத்த மதியம் தெருவில் சாலையைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் பேசினால் இயந்திரத்தின் சத்தம்தான் பதிவானது. சமையலறையிலும் அப்படியே. கூட இருப்பதாகச் சொன்ன கணவனுக்கு வேலை வந்துவிட்டது. மருத்துவமனை லிஃப்டில் ஆட்கள் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நான் வந்தப்புறம் பண்ணேன்."

"மேனேஜர் காலையிலேர்ந்து கூப்பிடறாருங்க. நீங்க போங்க. குழாய்க் காத்துக்கு நான் பயப்பட மாட்டேன்."

வீட்டில் சத்தம் நுழையாத இடம் ஒன்றுதான் இருந்தது.

கடைசி அறைக் கதவைத் திறந்தாள். போர்வை வாடை. இனிப்பு. போனைத் தரையில் வைத்துப் பதிவை அழுத்தினாள். பேருந்து நிலையத்தை அடைவதற்குள் பின்னால் சின்னக் காலடிகள் கேட்டன. வாண்டு, கண்களைக் கசக்கிக்கொண்டு, தன் போர்வையை இழுத்துக்கொண்டு வந்து அவள் மடியருகே படுத்தாள். ஒரே மூச்சில் சொல்ல வேண்டிய கதை. நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து. அவள் ஒரு கையால் மகளைத் தட்டிக்கொடுத்தபடி தொடர்ந்தாள்.

"ம்" என்றாள் வாண்டு.

"ம்" என்றது ஜன்னலுக்குக் கீழே.

சற்று நேரத்தில் வாண்டுவின் 'ம்' நின்றது. மற்றது நிற்கவில்லை. தாயோடு சேர்ந்து தேடியது. அவளோடு மூச்சு வாங்கியது. கடைசிக் காட்சி வந்தபோது அது அவள் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது.

"கதவு தட்டற சத்தம் கேக்குது. தாய் ஓடறா. தாழ்ப்பாளை எடுக்கறா. கதவைத் திறக்கறா..."

"ம்."

"வெளியே... யாரும் இல்ல. மழை மட்டும் பெய்யுது. அவ்வளவுதான்."

நீண்ட மூச்சு வரவில்லை.

அறை குளிர்ந்தது.

"அப்புறம்?"

ஒரு குழந்தையின் குரல். அது பேசி அவள் கேட்டதே இல்லை.

"அப்புறம் இல்ல. முடிஞ்சுது. அந்தப் பாப்பா... வரல."

வாசல் கதவு தட்டப்பட்டது.

கணவன் வந்துவிட்டான். அவள் அப்படித்தான் நினைத்தாள். அப்படி நினைக்கத்தான் விரும்பினாள். எழுந்து நடையில் ஓடினாள். தாழ்ப்பாளை எடுத்தாள். கதவைத் திறந்தாள்.

வெளியே யாரும் இல்லை.

தோண்டும் இயந்திரம்கூட நின்றிருந்தது.

அப்போதுதான் உறைத்தது, பாதியில் எழுந்து வந்துவிட்டோம் என்று.

திரும்பி ஓடினாள். பாயில் வாண்டு மல்லாந்து நேராகப் படுத்திருந்தாள். அவள் ஒருபோதும் அப்படித் தூங்குவதில்லை. போர்வை தலைக்கு மேல்வரை இழுத்து மூடப்பட்டிருந்தது. ஓரங்கள் உடம்புக்கு அடியில் அக்கறையோடு செருகப்பட்டிருந்தன.

பிய்த்து எறிந்தாள். உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன. கன்னத்தைத் தட்டினாள். தோளை உலுக்கினாள். மார்பில் காதை வைத்தாள். எங்கோ ஆழத்தில், நின்று நின்று, ஒரு துடிப்பு.

"வாண்டு! அம்மாடா! கண்ணைத் திறடா!"

"அப்புறம்?" என்றது அது. இந்த முறை வாண்டுவின் மூடிய உதடுகளுக்கு மிக அருகில்.

அவளுக்கு அந்தக் கணத்தில் படமும் தெரியவில்லை, நாயகியும் தெரியவில்லை. மகளை மார்போடு அணைத்துக்கொண்டு, அழுகையினூடே, வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"அப்புறம்... இல்ல, அவ வந்துட்டா. கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னா, அதான் தெரியல. செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கறா. நனைஞ்சு போயிருக்கா. அம்மா பார்த்துட்டா. 'உள்ள வாடி தங்கம்'னு சொல்றா. தலையைத் துவட்டி விடறா. மடியில போட்டுக்கறா. 'இனிமே அம்மா எங்கயும் எழுந்து போக மாட்டேன், நீ எங்க இருந்தாலும் உன் பக்கத்துலயே இருப்பேன்'னு சொல்றா. கேக்குதா? சொல்றேன். சத்தியமா."

அவள் மகளின் முதுகைத் தேய்த்தாள்.

"ம்."

நீண்ட மூச்சு ஒன்று அவள் கழுத்தில் சூடாகப் பட்டது. வாண்டு இருமினாள். இழுத்து இழுத்து இருமினாள். பிறகு வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைப் போல இனிமையான சத்தத்தை அவள் வாழ்நாளில் கேட்டதில்லை.

மருத்துவமனையில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். போர்வை மூக்கை அடைத்திருக்கும் என்றார் டாக்டர். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அவள் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. மேனேஜர்தான். அவள் அதைத் தொடவே இல்லை. பாவம், கணவன்தான் எடுத்துப் பேசி, உதவி செய்வதாக நினைத்து, போனில் இருந்த பதிவை அவருக்கு அனுப்பிவைத்தான். அதை நிறுத்த அவள் மறந்திருந்தாள். எல்லாமே அதில் பதிவாகியிருந்தது.

ஒரு வாரம் கழித்து நாயகியே கூப்பிட்டார்.

"அக்கா, நான் அழுதுட்டேன் தெரியுமா? கதவைத் திறந்தா யாரும் இல்லன்னு சொல்லி நிறுத்திட்டு, அந்தத் தாயாவே 'வாண்டு'ன்னு கதறி, அப்புறம் உடைஞ்ச குரல்ல திருப்பிக் கொண்டு வந்தீங்க பாருங்க, ஐயோ! அந்த முடிவு இருந்தாத்தான் நடிப்பேன்னு சார்கிட்ட சொல்லிட்டேன். முறைச்சாரு, ஒத்துக்கிட்டாரு."

அவள் போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"அப்புறம், உங்க பொண்ணுங்க ரெண்டு பேரும் பின்னாடி 'ம்', 'ம்'னு கேக்கறாங்களே, கொள்ளை அழகு. பெரியவளுக்கு என்ன வயசு?"

"எனக்கு ஒரு பொண்ணுதாம்மா" என்றாள்.

கையெழுத்தான அன்றே வீடு மாறினார்கள். புதுக் கட்டடம், மேல்மாடி, கணவனே மாட்டிய லிஃப்ட். வெயில் தடையில்லாமல் உள்ளே வந்தது. சுவர்கள் மெல்லியவை. பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடுவதுகூடக் கேட்கும். அவளுக்கு அதற்காகவே பிடித்திருந்தது. வீட்டில் யாரும் யாருக்கும் கதை சொல்லவில்லை. எழுதினால் மனதுக்குள் மட்டும் படித்துக்கொண்டாள். கணவன் அவளைக் கேலி செய்வதும், அவள் பதில் கொடுப்பதும் திரும்பி வந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். கணவன் கடைக்குப் போயிருந்தான். பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தவளுக்குப் படுக்கையறையிலிருந்து வாண்டுவின் கிசுகிசுப்பு கேட்டது. பொம்மையோடு பேசுகிறாள் என்று நினைத்தாள். துணியோடு நடந்துபோய்க் கதவோரம் நின்றாள்.

"...அந்தப் பாப்பா பெஞ்சுல உக்காந்திருந்தாளா, காலை ஆட்டிக்கிட்டே இருந்தாளா, மழை வந்துச்சா..."

வாண்டுவுக்குக் கண் சொருகியது. கட்டை விரல் வாய்க்குள் போனது. கதை பாதியில் நின்றது.

பக்கத்து வீட்டு மிக்ஸியும் அந்த நேரம் பார்த்து நின்றது.

இருமல் மருந்தின் இனிப்பு.

"அப்புறம்?"

வாண்டுவின் காலடியில் மடித்து வைத்திருந்த போர்வையின் ஒரு முனை, மெல்ல, மேல்நோக்கி நகரத் தொடங்கியது.

அவள் கையிலிருந்த துணி நழுவியது. உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். ஒரு கையை மகள் மீது வைத்தாள். இன்னொரு கையை, மகளுக்கு அந்தப் பக்கம் காலியாக இருந்த இடத்தில் வைத்துத் தட்டிக்கொடுத்தாள். அந்த இடம் சில்லென்றிருந்தது.

"அப்புறம்... அந்தப் பாப்பா எழுந்து நடக்க ஆரம்பிச்சா."

"ம்."

போர்வை நின்றது.

வாசலில் மணி அடித்தது. கணவன். சாவியை மறந்துவிட்டுப் போயிருந்தான். "ஏய், திற. கை வலிக்குது, ரெண்டு பையும் கனம்" என்று சிரிப்போடு கூப்பிட்டான். மறுபடி அடித்தான். கதவைத் தட்டினான். கொஞ்ச நேரத்தில் அவன் குரலிலிருந்து சிரிப்பு போனது.

அவள் எழுந்திருக்கவில்லை.

"அப்புறம்..." என்றாள்.